மாதம் ஒரு வரி

அந்தப் பையை மேலே வைக்காதீர்கள் தம்பி. சிவகிரி தாண்டினால் ரோடு சரியில்லை, குலுக்குகிற குலுக்கில் விழுந்துவிடும். மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர்தானே அது? பார்த்ததுமே நினைத்தேன். முன்னால் ஜன்னல் ஓரம் இடம் இருந்தும் அதனால்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன். தப்பாக நினைக்காதீர்கள். மதுரை போய்ச் சேருவதற்குள் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் என் மகன் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் கேட்டால் கிறுக்கன் என்று நினைப்பீர்கள்.

என் பேர் தங்கமாரி. புளியங்குடியில் பந்தல், பாத்திர வாடகைக் கடை. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, இழவு எதுவானாலும் நம் கடை அண்டாதான் போகும். நான் அஞ்சாங்கிளாஸ் தாண்டவில்லை. மகன் பால்வண்ணன் கம்ப்யூட்டர் படித்தான். இப்போது பெங்களூரில் இருக்கிறான். அவனோடு எனக்குப் பேச்சு கிடையாது. அவனிடம் நியாயம் கேட்க எனக்கு ஒரே ஒரு இடம் இருந்தது. அதையும் போன மாதம் மூடிவிட்டான். அதுதான் விஷயம்.

அவன் காலேஜில் படிக்கும்போது நம் கடைக்கு ஒரு வெப்சைட் செய்தான். கல்யாண வீட்டுக்காரர்கள் இருந்த இடத்தில் இருந்தே எத்தனை அண்டா, எத்தனை நாற்காலி, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று எழுதிவிடலாம். நம் கடையில் முப்பிடாதி என்று ஒரு அம்மா இருக்கிறாள், வரவு போக்கு எல்லாம் அவள் பொறுப்பு. அவள் அதைப் பார்த்து மினி லாரியை அனுப்புவாள். தென்காசி வரைக்கும் வேறு எந்தப் பாத்திரக் கடையிலும் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை.

அந்த வெப்சைட்டை அவன் ஒன்றுமில்லாததில் இருந்து செய்யவில்லை. அதற்கு ஃபிரேம்வொர்க் என்று ஒன்று இருக்கிறதாம். உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர் சேக் முகைதீன்தான் விளக்கினான். பந்தலுக்குக் கால் நட்டுக் கொடுப்பது மாதிரி, மாமா என்றான். மேலே ஓலை போடுவதோ துணி கட்டுவதோ அவரவர் இஷ்டம். கால் மட்டும் உலகம் முழுக்க ஒரே கால். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. அதைச் செய்கிறவர்களுக்கும் சம்பளம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆபீஸ் வேலை முடிந்த பிறகு இதைச் செய்கிறார்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரில் என் மகனும் ஒருத்தன். கேட்டீர்களா? பெரிய ஆள்தான். எதைப் புதிதாகச் சேர்ப்பது, எந்தக் குறையை எதில் சரிசெய்வது என்று தீர்மானிக்கிற இடத்தில் இருக்கிறான். ஊருக்கெல்லாம் கால் நட்டுக் கொடுக்கிறான். அப்பன் பந்தல் சாய்ந்தால் மட்டும் சட்டம் பேசுகிறான்.

குறை என்னவென்று சொல்கிறேன். வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணம். விடியற்காலை நாலரைக்கு முகூர்த்தம். பெண் வீட்டுக்காரர் அந்தத் தேதியையும் நேரத்தையும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் நம் கம்ப்யூட்டர் அதை முந்தின நாள் என்று வைத்துக்கொண்டது. எப்படி என்று கேட்டால், உள்ளே ஓடுகிற கடிகாரம் லண்டன் கடிகாரமாம். இங்கே விடியற்காலை நாலரை என்றால் அங்கே இன்னும் நேற்றுதானாம். அஞ்சரை மணி தாண்டிய முகூர்த்தம் என்றால் ஒன்றும் செய்யாது. அதற்கு முந்தியது என்றால் முந்தின நாளுக்குத் தள்ளிவிடும். நம் பக்கத்தில் நல்ல முகூர்த்தம் எல்லாம் அஞ்சரைக்கு முந்திதானே தம்பி?

பாத்திரம் ஒரு நாள் முன்னாலேயே போய் இறங்கிவிட்டது. அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. மறுநாள் சாயங்காலம் கம்ப்யூட்டர் சொன்னபடி நம் டிரைவர் கோட்டைச்சாமி பாத்திரத்தைத் திரும்ப எடுக்கப் போயிருக்கிறான். அங்கே அப்போதுதான் அடுப்பு மூட்டி, அண்டாவில் உலை வைத்து, சமையல்காரர்கள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். இவன் போய் “அண்டாவைக் கழுவியாச்சா?” என்று கேட்டிருக்கிறான். சமையலுக்குத் தலைமையான தவசிப்பிள்ளை கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பெண்ணின் அப்பா எனக்குப் போன் போட்டார்.

“வே, உம்ம கம்ப்யூட்டர்ல என் மவ கல்யாணம் முடிஞ்சு போச்சாமே! மாப்பிள்ளை வீட்டுக்காரன் இன்னும் பஸ்ஸே ஏறலவே! யாருக்குவே கட்டி வெச்சீரு?”

கல்யாண வீடு முழுக்கச் சிரித்திருக்கிறது. என் முப்பது வருஷப் பேர் போச்சு.

சேக் முகைதீன்தான் பார்த்துச் சொன்னான். இது உங்கள் வெப்சைட் குறை இல்லை மாமா, ஃபிரேம்வொர்க்கிலேயே உள்ள குறை. இதை அவர்கள் கண்டுபிடித்துச் சரியும் செய்துவிட்டார்கள். ஆனால் புது வெர்ஷனில் மட்டும். உங்களுடையது பழசு.

“அப்ப புதுசுக்கு மாத்திருடே.”

“அது பல்பு மாத்துத மாதிரி இல்ல மாமா. பாதியைத் திரும்ப எழுதணும். இவ்வளவையும் பால்வண்ணன் எழுதிருக்கான், எது எங்க போகுதுன்னு அவனுக்குத்தான் தெரியும். அவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா ஒரு ஞாயித்துக்கிழமையில முடிச்சிருவான்.”

“அவன்கிட்ட யாரு சொல்லுவா?”

சேக்குக்கு எங்கள் சண்டை தெரியும்.

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரி சண்முகத்தாய் இறந்த பதினாறாம் நாள். ஐயர் வந்து உட்கார்ந்தாயிற்று. சொந்தபந்தம் எல்லாம் வாசலில். பிள்ளையைக் காணவில்லை. மாடியில் போய்ப் பார்த்தால் மடியில் கம்ப்யூட்டர். “அப்பா, பத்தே நிமிஷம்” என்கிறான். என்னவென்றால் அந்த ஃபிரேம்வொர்க்கில் ஒரு ஓட்டை கண்டுபிடித்துவிட்டார்களாம். திருடன் அந்த வழியாக நுழைந்துவிடலாமாம். அதை அடைக்க அன்றைக்கு இவன் முறையாம். புது வெர்ஷனுக்கு அடைத்துவிட்டானாம், இனி பழைய வெர்ஷன் ஒவ்வொன்றுக்கும் கொண்டுபோய் அடைக்க வேண்டுமாம். இப்படிப் புதியதில் செய்ததைப் பழையதற்குக் கொண்டுபோவதற்கு பேக்போர்ட் என்று பேர். அந்த வார்த்தையை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அதனால்தான் மறக்கவில்லை.

பெற்றவளுக்குத் தண்ணீர் விட வேண்டிய நேரத்தில் பெயர் தெரியாதவனுக்கு ஓட்டை அடைக்கிறான். கம்ப்யூட்டரை அவன் மடியில் இருந்து எடுத்தேன். கீழே கொண்டுவந்து, கொல்லையில் பாத்திரம் கழுவ நிறைத்து வைத்திருந்த அண்டாவில் போட்டேன். நம் கடை அண்டாதான். ஐயர் எழுந்து நின்றுவிட்டார். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் போட்டேன்.

அவன் போனை எடுத்து யாரிடமோ, “பழைய வெர்ஷன் மூணுக்கும் நீ போட்டுரு, என்னால முடியாது” என்று சொன்னான். பிறகு குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து எல்லாம் முறையாகச் செய்தான். சாயங்காலம் பஸ் ஏறிவிட்டான். அத்தோடு சரி. நாலு வருஷம். கம்ப்யூட்டர் போனால் வேறு கம்ப்யூட்டர் வாங்கலாம். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட அவமானத்துக்கு என்ன செய்வது? ஒரு தடவையாவது வந்து, அப்பா, நான் செய்தது தப்பு என்று சொன்னானா?

சரி. அந்தக் கதை வேண்டாம். நான் சொல்ல வந்தது வெப்சைட் குறையை.

சேக் சொன்னான், அவர்களுக்குக் குறை எழுதிப் போட ஒரு பொது இடம் இருக்கிறது மாமா, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், பதில் சொல்வார்கள் என்று. எழுது என்றேன். கடை பேரில் எழுதினான். தேதி ஒரு நாள் முந்திப் போகிறது, பழைய வெர்ஷனுக்கும் சரிசெய்து தர வேண்டும் என்று. மறுநாள் பதில் வந்திருந்தது. சேக் வாசித்தான். வாசித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான்.

“பால்வண்ணன்தான் மாமா எழுதிருக்கான்.”

“என்ன எழுதிருக்கான்?”

“நேரம் ஒதுக்கித் தெரிவிச்சதுக்கு நன்றி. இந்த வெர்ஷனுக்குத் திருட்டு ஓட்டை இருந்தா மட்டும்தான் அடைப்போம். மத்த குறை எல்லாம் புதுசுல மட்டும்தான் சரியாகும். புதுசுக்கு மாறிக்கிடவும்.”

கேட்டீர்களா தம்பி? புளியங்குடியில் எத்தனை தங்கமாரி பந்தல் கடை இருக்கிறது? அவனுக்குத் தெரியாதா? நேரம் ஒதுக்கியதற்கு நன்றியாம். அன்றைக்கு ஆத்தா காரியத்தை விட்டுவிட்டுப் பழசுக்கெல்லாம் அடைக்க உட்கார்ந்தவன்தானே? இன்றைக்கு எனக்கென்றால் பழசுக்குக் கிடையாது என்கிறான்.

நம் கடைக்கும் வருவார்கள், கீற்றுப் பந்தல்தான் வேண்டும், தகரப் பந்தல் ஆகாது என்று. கீற்றெல்லாம் நிறுத்தி வருஷம் ஆச்சு, தகரம் வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் வேறு கடை பார் என்று சொல்லிவிடுவேன். ஆனால் அது யாவாரம். கீற்றுக்கு ஆள் கிடைக்காது. இது அப்படியா? உட்கார்ந்த இடத்தில் விரலால் தட்டுகிற வேலை.

நான் விடவில்லை. திரும்ப எழுது என்றேன். என்னால் மாற முடியாது, நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும் என்று சேக் எழுதினான். அதற்கு ஜெர்மனியில் இருந்து யோஹான் என்று ஒருத்தன், அதே சட்டத்தைத் திரும்ப ஒப்பித்தான். பிரேசிலில் இருந்து ஒரு அம்மா, எனக்கும் இதே கஷ்டம்தான் என்று எழுதி ஒரு கட்டைவிரலை மேலே காட்டினாள். கட்டைவிரல் மேலே என்றால் சரி, கீழே என்றால் வேண்டாம். அங்கே அப்படித்தான் ஓட்டு. லூசியா அவள் பேர். நல்ல பொம்பளை.

அப்போதுதான் சேக் ஒன்றைச் சொன்னான். அங்கே ஒரு மிஷின் காவல் இருக்கிறதாம். ஒரு குறையைப் பற்றி ஒரு மாதம் யாரும் பேசவில்லை என்றால், பேச்சு இல்லை, இதை மூடப் போகிறேன் என்று தானாக எழுதுமாம். எழுதிக் கொஞ்ச நாளில் மூடியும் விடுமாம். யாராவது ஒரு வரி எழுதினால் விட்டுவிடுமாம்.

அன்றிலிருந்து மாதம் ஒரு வரி. கடையைச் சாத்துவதற்கு முன்னால் சேக் கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். முதலில் எல்லாம், குறை இன்னும் சரியாகவில்லை, குறை இன்னும் சரியாகவில்லை என்றுதான். பிறகு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதினால் மிஷின் ஏற்குமோ என்னவோ என்று கொஞ்சம் மாற்றினேன். ஆடி மாதம், முகூர்த்தம் இல்லை, ஆனாலும் குறை இருக்கிறது. ஆவணி பிறந்துவிட்டது, உடனே பார்க்கவும். ஐப்பசியில் நல்ல மழை, தெப்பக்குளம் நிறைந்துவிட்டது, குறை சரியாகவில்லை. முப்பிடாதி மகளுக்கு அம்பாசமுத்திரத்தில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது, முகூர்த்தம் விடியற்காலை, ஆகவே குறையைக் கவனிக்கவும். இதை எல்லாம் சேக் இங்கிலீஷில் போடுவான்.

“மாமா, தெப்பக்குளம் நெறஞ்சது எதுக்கு?”

“கெடக்கட்டும், போடு.”

சில மாதம் பால்வண்ணன் ஒன்றும் எழுதமாட்டான். சில மாதம் எழுதுவான். “தொடர்ந்து தெரிவிப்பதற்கு நன்றி” என்பான். அவ்வளவுதான். ஆனால் தெப்பக்குளம் என்று எழுதிய மாதம் ஒரு கட்டைவிரல் மேலே இருந்தது. யார் என்று சேக் தட்டிப் பார்த்தான். அவன்தான்.

சேக் கடைக்குப் போய்ப் பழகியதில் அவர்கள் பேசுகிற மற்றதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். கோயில் கமிட்டியில்கூட அவ்வளவு பேச்சு கிடையாது தம்பி. பக்கம் முழுக்கத் திரும்பத் திறக்காமல் ஒரு மூலையை மட்டும் மாற்றுகிற வசதி ஒன்றைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஆறு மாதம் பேசினார்கள். யார் கேட்டது அந்த வசதியை? புளியங்குடியில் யாரும் கேட்கவில்லை. ஒருத்தன் எழுதியே கொண்டுவந்துவிட்டான், வைத்துக்கொள்ளுங்கள் என்று. பால்வண்ணன் கட்டைவிரலைக் கீழே காட்டினான். சேர்ப்பதற்கு ஒரு நாள் போதும், சேர்த்துவிட்டால் நாம் வருஷக்கணக்கில் சுமக்க வேண்டும், நீ நாளைக்குப் போய்விடுவாய் என்று அவனுக்குப் பதில் எழுதினான். எதைச் சுமப்பது, எதை விடுவது என்பதில் ரொம்பக் கணக்கு அவனுக்கு. சின்ன வயதிலேயே அப்படித்தான். பள்ளிக்கூடப் பையில் ஒரு புத்தகம் கூடுதலாக வைக்க விடமாட்டான்.

நீங்கள் கேட்கலாம், இதற்கு நடுவே கடை என்ன ஆனது என்று. கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. முப்பிடாதி கெட்டிக்காரி. வாசுதேவநல்லூர் கல்யாணத்துக்கு அடுத்த வாரத்திலிருந்தே, அஞ்சரைக்கு முந்தின முகூர்த்தம் என்றால் கம்ப்யூட்டர் தேதியோடு ஒரு நாளைக் கூட்டிப் போர்டில் சாக்பீஸால் எழுதிவிடுவாள். பிறகு ஒரு தப்புகூட வந்ததில்லை.

“அண்ணாச்சி, அதான் கூட்டி எழுதிருதேம்லா, பெறகு எதுக்கு மாசாமாசம் அங்க போயி மல்லுக்கட்டுதீங்க?” என்பாள்.

நியாயம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா? குறை குறைதானே?

போன வருஷம் எனக்கு முழங்கால் ஆபரேஷன். திருநெல்வேலியில். நான் பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது மிஷின் மூடிவிட்டால்? அதனால் போவதற்கு முன்னால் எழுதச் சொன்னேன். குறை இன்னும் சரியாகவில்லை, எனக்கு முழங்கால் ஆபரேஷன், அடுத்த மாதம் எழுதத் தாமதம் ஆகலாம், அதற்காக மூடிவிடக் கூடாது என்று. நியாயமான வரிதானே? யோஹான் அதை மறைத்துவிட்டான். விஷயத்துக்குச் சம்பந்தம் இல்லாதது என்று சீட்டு ஒட்டி மடித்து வைத்துவிட்டான். அங்கே அப்படி ஒரு வழக்கம். யாராவது வேண்டும் என்று தட்டினால்தான் திறந்து வாசிக்கலாம்.

மறுநாள் சேக் என் வீட்டுக்கே ஓடி வந்தான். நான் துணிப்பை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

“மாமா, பால்வண்ணன் எழுதிருக்கான்.”

“என்ன, நன்றியா?”

“தமிழ்ல எழுதிருக்கான் மாமா.”

போனைக் காட்டினான். நானே வாசித்தேன். மேலே கீழே எல்லாம் இங்கிலீஷ். நடுவில் ரெண்டே வார்த்தை. எந்தக் கால்?

அவ்வளவுதான். எந்தக் கால்?

“மாமா, பதில் போட்டுறவா?” என்றான் சேக்.

“கேட்டதும் சொல்லுததுக்கு நான் என்ன அவன் கடையில சம்பளத்துக்கா இருக்கேன்? அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்.”

ஆபரேஷன் ஆகி, தையல் பிரித்து, வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோது சேக் வந்து, மிஷின் எழுதிவிட்டது மாமா, மூடப் போகிறதாம் என்றான். சரி, போடு என்றேன்.

“என்ன போட?”

“இடதுன்னு போடு.”

“இவ்வளவு நாளா கேட்டவனைக் காக்க வெச்சிட்டு, இடதுன்னு மட்டுமா?”

“குறை இன்னும் சரியாகவில்லைன்னும் போடு.”

லூசியா ஒரு பூச்செண்டு படம் போட்டாள். யோஹான் அதையும் மறைத்தான். மறைத்ததைப் பால்வண்ணன் திறந்து வைத்தான். சேக் சொன்னான், அப்படி ஒருத்தர் மறைத்ததை மற்றவர் திறக்கமாட்டார்களாம், மரியாதைக் குறைவாம். ஆனாலும் திறந்தான். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். என்ன, கிருஷ்ணன்கோவிலா? பஸ்காரன் இங்கே டீக்கு நிற்கமாட்டான், நேரே கல்லுப்பட்டிதான். இருங்கள், முடித்துவிடுகிறேன்.

சேக் கடைக்குப் போனால் அவன் சிரிக்கிறான். “மாமா, ஜெயிச்சிட்டீங்க!” என்கிறான். பால்வண்ணன் நம் குறையைப் பழைய வெர்ஷனுக்கும் சரிசெய்து கொண்டுவந்து வைத்துவிட்டானாம். அந்த பேக்போர்ட்தான். யோஹான் விடவில்லையாம். ஒருத்தருக்குச் செய்தால் எல்லாரும் கேட்பார்கள், சட்டம் எதற்கு இருக்கிறது என்று கேட்டிருக்கிறான். அதற்கு இவன் எழுதியிருக்கிறான். இவர் மாதம் தவறாமல் எழுதுகிறார். என் சொந்த நேரத்தில் செய்கிறேன். இதுதான் கடைசி, இதற்குப் பிறகு இந்தப் பழைய வெர்ஷனுக்கு ஒன்றுமே வராது, ஓட்டை விழுந்தால்கூட அடைக்கமாட்டோம். லூசியா கட்டைவிரல் மேலே. இன்னும் ரெண்டு பேர் மேலே. யோஹான் ஒன்றும் காட்டவில்லை. முடிந்தது.

இவராம். அப்பா என்று ஒரு வார்த்தை எழுதினால் கை ஒடிந்தா போகும்?

சேக் அன்றைக்கே அதை எடுத்து நம் வெப்சைட்டில் போட்டுவிட்டான். மாற்றுகிற வேலை எதுவும் இல்லை, ரெண்டு நிமிஷம். நாலரை முகூர்த்தம் என்று போட்டுப் பார்த்தால் சரியான தேதி காட்டுகிறது. அந்தப் பொது இடத்தில் கீழே பால்வண்ணன் எழுதியிருந்தான். சரியாகிவிட்டது, மூடுகிறேன், வேறு ஏதாவது குறை இருந்தால் புதிதாக எழுதவும். பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு அடையாளம். அப்படி என்றால் மூடியாயிற்று என்று அர்த்தம்.

அடுத்த வாரம் சிந்தாமணியில் ஒரு கல்யாணத்துக்குப் பாத்திரம் போகவே இல்லை. முப்பிடாதி பழக்கத்தில் ஒரு நாளைக் கூட்டிப் போர்டில் எழுதிவிட்டாள். சரியான தேதியோடு ஒரு நாள் கூட்டினால் என்ன ஆகும்? பெண் வீட்டுக்காரர்கள் பக்கத்து வீடுகளில் குண்டானும் சட்டியும் கடன் வாங்கிச் சமைத்திருக்கிறார்கள். என்னை அவர்கள் பேசிய பேச்சை இந்த பஸ்ஸில் சொல்ல முடியாது.

எல்லாம் முடிந்ததும் நான் நேரே சேக் கடைக்குப் போனேன். காலை இழுத்துக்கொண்டுதான் போனேன். “எழுதுடே, புதுக் குறை வந்திருக்கு, அவன் சரிசெஞ்சதாலதான் இது வந்துச்சு” என்றேன்.

சேக் நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டான். பிறகு, “அது முப்பிடாதி அக்கா குறை மாமா, ஃபிரேம்வொர்க் குறை இல்ல” என்றான்.

“பழைய இடத்துலயே ஒரு வரி போடேன். தேதி சரியாயிருச்சுன்னாவது போடு.”

“பூட்டிருச்சு மாமா. மூடிக் கொஞ்ச நாள் ஆனா மிஷின் பூட்டிரும். இனி யாரும் அதுல எழுத முடியாது.”

புதிதாக எழுதவும் என்று அவன்தானே சொன்னான்? நானும் சேக்கை விடாமல் ஒன்று எழுதவைத்தேன். வெப்சைட்டில் பச்சை நிறம் சரியில்லை என்று. அஞ்சு நிமிஷம் இருக்காது, யோஹான் மூடிவிட்டான். நிறம் உங்கள் பொறுப்பு, ஃபிரேம்வொர்க்கின் பொறுப்பு இல்லை என்று. இன்னொன்று எழுதினேன், மெதுவாகத் திறக்கிறது என்று. அதையும் யோஹான்தான் மூடினான். இந்த வெர்ஷன் முடிந்துவிட்டது, இனி புது வெர்ஷனில் குறை இருந்தால் மட்டும் எழுதவும். பால்வண்ணன் கண்ணுக்கு ரெண்டும் பட்டதா இல்லையா, தெரியவில்லை. கட்டைவிரல்கூட இல்லை.

புதுசில் இருந்தால்தான் எழுதலாம். புதுசுக்கு மாறலாம் என்றால் அவன் வர வேண்டும். அவனை வரச் சொல்லி எழுதலாம் என்றால் எழுதுகிற இடம் இல்லை. இதில் நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

என்ன? போனா?

நம்பர் இருக்கிறது. முப்பிடாதியின் போனில் இருக்கிறது. அவன் அவளோடு பொங்கலுக்குப் பொங்கல் பேசுவான் போல. என்னிடம் சொல்லமாட்டாள். ஒரு நாள் அவளாகவே போட்டு என் கையில் கொடுத்தாள். மணி அடித்தது. “ஹலோ, சொல்லுங்க அக்கா” என்றான். குரல் கொஞ்சம் கட்டைக்குரலாக ஆகியிருக்கிறது. நான் என்ன சொல்ல? எடுத்தவுடன் பேச ஒரு விஷயம் வேண்டாமா? குறை இருந்தாலாவது குறை சரியாகவில்லை என்று ஆரம்பிக்கலாம். அதைத்தான் அவன் சரிசெய்துவிட்டானே. போனைத் திரும்ப அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். மேலும், நான் எதற்கு முதலில் பேச வேண்டும்? அன்றைக்கு மாடியில் உட்கார்ந்திருந்தது நானா, அவனா?

அதை விடுங்கள். திருமங்கலம் வரப் போகிறது. திருமங்கலம் தாண்டிவிட்டால் மதுரைதான், நீங்கள் இறங்கிப் போய்விடுவீர்கள்.

போன வாரம் கோவில்பட்டி பஸ்ஸில் ஒரு பிள்ளையிடம் கேட்டேன். அது பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையாம், பையில் இருந்தது கம்ப்யூட்டர் இல்லை, டிபன் கேரியர். அதற்கு முந்தி தென்காசியில் ஒருத்தரிடம் கேட்டேன், அவர் பிரிண்டர் ரிப்பேராம். நீங்கள் சரியான ஆளாகத் தெரிகிறீர்கள். நான் பேர் சொல்லாமலே எந்த ஃபிரேம்வொர்க் என்று உங்களுக்கு விளங்கிவிட்டது, உங்கள் முகத்திலேயே பார்த்தேன். உங்கள் ஆபீஸிலும் அதுதானோ?

புது வெர்ஷனா? அப்படியென்றால் ரொம்ப நல்லது தம்பி. அதைக் கொஞ்சம் திறங்கள். இங்கேயே, மடியிலேயே வைத்துப் பாருங்கள், நான் பையைப் பிடித்துக்கொள்கிறேன். அதில் எங்கேயாவது ஒரு குறை இருக்கும். இல்லாமல் இருக்காது. மனுஷன் செய்ததுதானே, என் மகன் செய்ததுதானே. சின்னதாக இருந்தாலும் போதும். கண்டுபிடித்து என் கடை பேரில் எழுதிவிடுங்கள், பேரை நான் சொல்கிறேன். ஆனால் நிஜமான குறையாக இருக்க வேண்டும். பொய்யாக எழுதினால் அவன் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே யோஹான் மூடிவிடுவான். அப்புறம், சீக்கிரம் சரிசெய்துவிடக் கூடியதாகவும் இருக்கக் கூடாது.